கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

அன்பு மருமகளுக்கு,

பட்டுப் பிரிவுக்கு உன்னை சூப்பர்வைசராகப் போட்டிருப்பதாக உன் அம்மா போனில் சொன்னாள். மனசு நிறைந்துவிட்டது. உனக்குக் கீழே பன்னிரண்டு பேர், அதில் பாதிப் பேர் உன்னைவிட மூத்தவர்கள் என்றாள். அவர்களிடம் எப்படி வேலை வாங்குவது என்று நீ தவிப்பதாகவும் சொன்னாள். முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஓர் அம்மா முகூர்த்தப் பட்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது அரக்கு. கவுண்டரில் இருந்த பெண் திரும்பத் திரும்ப மெரூனையே எடுத்துப் போட்டாள். அந்த அம்மாவுக்கு முன்னாலேயே, "புத்தியை எங்கே வச்சிருக்கே?" என்று கத்திவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. விரித்த சேலையை மடிப்பு மாறாமல் மடித்தாள். முந்தியை உள்ளே திருப்பும்போது கை நடுங்கியது. அந்த அம்மா, "இன்னொரு நாள் வர்றோம் தம்பி" என்று எழுந்து போய்விட்டார். பிறகு வரவே இல்லை.

மாலையில்தான் தெரிந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து அவள் உட்காரவில்லை. மாற்றிவிட ஆள் வராததால் மதியம் சாப்பிடவும் இல்லை. மாற்று ஆளை அனுப்ப வேண்டியவன் நான். என் தப்புக்கு அவளைத் திட்டி, வாடிக்கையாளரையும் இழந்தேன். நாம் நம் ஆட்களை எப்படி நடத்துகிறோமோ, அதுதான் அவர்கள் கை வழியாக வாடிக்கையாளரிடம் போய்ச் சேருகிறது. இந்த ஒன்றை மட்டும் மறக்காதே.

அந்தக் காலத்து ஜவுளிக்கடைகளில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை இருக்கும். விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சேலை பார்ப்பார்கள். கண்ணாடிக் கவுண்டர் வந்ததும் வாடிக்கையாளருக்கு நாற்காலி போட்டோம். நம் ஆட்களை நிற்க வைத்துவிட்டோம். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடித்தான் 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டிலும் 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-ல் திருத்தினார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அந்தத் திருத்தம். ஸ்டூல் போட்டும் யாரும் உட்காரவில்லை என்றால், உன்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம். கூட்டம் இல்லாத நேரத்தில் நீயே, "உட்காருங்கக்கா" என்று சொல்.

கடை திறந்ததும் சாப்பாட்டு முறையை எழுதி ஒட்டிவிடு. யாருக்கு உடம்பு முடியவில்லை என்று கேட்டு, அவர்களுக்கு அன்றைக்குக் கட்டு தூக்கும் வேலையைக் கொடுக்காதே. கழிப்பறைக்குப் போவதற்கெல்லாம் உன்னிடம் அனுமதி கேட்கும்படி வைக்காதே.

மூத்தவர்களை அண்ணே, அக்கா என்றே கூப்பிடு. அவர்களுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள். தினமும் காலையில் பத்து நிமிஷம், அவர்களில் ஒருவரை ஒரு சேலையை விரித்து விளக்கச் சொல். காஞ்சிபுரம் பட்டில் கோர்வை என்றால் என்ன, உடலும் பார்டரும் தனித்தனி ஊடையில் ஓடி எப்படிப் பிணைகின்றன, சில்க் மார்க் அட்டை எதற்கு என்று அவர் சொல்லட்டும். பெரியவருக்கு மரியாதை, சின்னவர்களுக்குப் பாடம். வாடிக்கையாளர், "இதுக்கு ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்கும்போது எல்லோரிடமும் பதில் இருக்கும்.

வாடிக்கையாளர் விஷயத்தில் இரண்டு சொல்கிறேன். மூவாயிரத்துக்குள் என்று கேட்பவருக்கு மூவாயிரத்துக்குள் இருப்பதை முழு மனசோடு எடுத்துப் போடச் சொல். ஆளை மேலும் கீழும் பார்க்கும் பார்வை நம் கடைக்கு வேண்டாம். இருபது சேலை பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறவரையும், "அடுத்த வாரம் புது சரக்கு வருது, வாங்கம்மா" என்று அனுப்ப வேண்டும். இதற்காக நம் ஆளை, "ஏன், விற்க முடியலையா?" என்று நீ கேட்டால், நாளைக்கு அவர் அடுத்தவர் தலையில் எதையாவது கட்டப் பார்ப்பார்.

இன்னொன்று, திரும்பி வரும் சரக்கு. விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று பில்லில் அச்சடித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை ஏற்பதில்லை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளைக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். ஆகவே இழை விட்ட சேலையோடு ஒருவர் வந்தால், முதலில் அவரை உட்கார வை, தண்ணீர் கொடு, சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார். அதை விற்ற ஆளை அங்கே கூப்பிட்டு நிறுத்தி விசாரிக்காதே. அவரிடம் பேச வேண்டியதைக் கடை அடைத்தபின் தனியாகப் பேசு. வாடிக்கையாளர் முன்னால் நீயே பொறுப்பேற்றுக்கொள். அதைப் பார்க்கிற பன்னிரண்டு பேரும் அன்றைக்கு உன் ஆட்களாகிவிடுவார்கள்.

முதல் சம்பளத்தில் எனக்கு வேட்டி எடுக்கப்போவதாகச் சொன்னாயாம். அது மெதுவாக ஆகட்டும். உன் கவுண்டருக்குப் பின்னால் எத்தனை ஸ்டூல் இருக்கிறது, அதில் யார் யார் உட்காருகிறார்கள் என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
மாமா