வாய் எரிகிறது, நெருப்பில்லாமல்

உப்புமாவில் கிடந்த பச்சை மிளகாயைக் கவனிக்காமல் கடித்தவர் "வாய் எரியுது" என்றுதான் அலறுவார். இந்தப் பேச்சுவழக்கில் உள்ள உடலியல், பலரும் பள்ளியில் படித்துவந்த பாடத்தைவிடத் துல்லியமானது. நம் உணர்வேற்பிகளைப் பற்றி உலவும் சில நம்பிக்கைகளை அந்த மிளகாயிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

நம்பிக்கை: உறைப்பு நாக்கு அறியும் ஒரு சுவை.

உண்மை: அறுசுவையில் கார்ப்புக்கு இடம் உண்டு, ஆனால் நாக்கின் சுவை மொட்டுகளில் அதற்கு ஏற்பி கிடையாது. மிளகாயிலுள்ள கேப்சைசின் போய்த் தட்டுவது, வலியையும் சூட்டையும் அறியும் நரம்பு முனைகளை. அவற்றின் சவ்வில் டிஆர்பிவி1 என்ற புரதம் வாசல்போல் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால் அது திறக்கும். மின்னேற்றமுள்ள துகள்கள் உள்ளே பாயும். "சுடுகிறது" என்ற சேதி மூளைக்குக் கிளம்பும். கேப்சைசின் அதே வாசலைச் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. மிளகின் பைப்பெரினும் இதே வேலையைச் செய்யும். கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டார்கள். அவருக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கிளி மிளகாயைப் பழம்போலக் கொறிப்பதற்கும் இந்தப் புரதம்தான் காரணம். பறவைகளின் டிஆர்பிவி1 சூட்டுக்குத் திறக்கும், கேப்சைசினைக் கண்டுகொள்ளாது.

நம்பிக்கை: உறைத்தால் தண்ணீர் குடிக்க வேண்டும்.

உண்மை: கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை. குடிக்கும் நேரம் சில்லென்று இருக்கும். விழுங்கியதும் எரிச்சல் திரும்பிவிடும். பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு நாக்கை விட்டு அகற்றும். காரக் குழம்புக்குப் பின் தயிர்சாதம் சாப்பிடுவதில் இந்த வசதியும் உண்டு.

நம்பிக்கை: நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று தனித்தனி இடங்கள் உண்டு.

உண்மை: 1901இல் ஜெர்மனியின் ஹானிக், நாக்கின் இடத்துக்கு இடம் கூருணர்வு சற்றே மாறுவதாக எழுதினார். ஹார்வர்டின் எட்வின் போரிங் 1942இல் வெளியிட்ட நூலில் அந்த அளவுகளை வரைபடமாக்கியபோது, சிறு வேறுபாடு பெரிய எல்லைக்கோடாகத் தோன்றிவிட்டது. பாடநூல்கள் அதையே படமாகப் போட்டன. உண்மையில் சுவை மொட்டுகள் உள்ள இடமெங்கும் எல்லாச் சுவைகளும் தெரியும். நுனிநாக்கில் ஒரு துளி பாகற்காய்ச் சாறு வைத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: தோல், தொட்ட பொருளின் வெப்பத்தை அளக்கிறது.

உண்மை: மார்கழிக் காலையில் எவர்சில்வர் தட்டும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன, தட்டு மட்டும் சில்லென்கிறது. உலோகம் விரலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது. தோலில் உள்ள ஏற்பி தன் இருப்பிடம் குளிர்வதைத்தான் சொல்கிறது. தட்டின் வெப்பநிலை அதற்குத் தெரியாது.

ஈரத்தை அறியவும் நம் தோலில் தனி ஏற்பி கிடையாது; கரப்பான்பூச்சிக்கோ உணர்கொம்பில் அது உண்டு. குளிர்ச்சியையும் தொடுகையையும் சேர்த்து மூளை "ஈரம்" என்று ஊகிக்கிறது. மழைநாளில் கொடியிலிருந்து எடுத்த சட்டை ஈரமா, வெறும் சில்லிப்பா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தும் குழம்புவது அதனால்தான்.

நம்பிக்கை: புலன்கள் ஐந்தே.

உண்மை: கரண்ட் போன இருட்டிலும் சோற்றுக்கவளம் தவறாமல் வாய்க்குப் போய்ச் சேர்கிறது. தசைகளில் உள்ள ஏற்பிகள், தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருக்கின்றன. இதில் முக்கியப் பங்கு வகிக்கும் பீசோ2 என்ற புரதத்தைக் கண்டறிந்தவர் ஆர்டெம் படபூட்டியன். 2021 நோபலை ஜூலியஸுடன் பகிர்ந்தவர். உட்செவியின் அரைவட்டக் குழாய்கள் தலை சுழல்வதை அறிகின்றன. தட்டாமாலை சுற்றி நின்ற குழந்தைக்கு வீடே சுற்றுவது, அந்தக் குழாய்களில் உள்ள திரவம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால்.

நம்பிக்கை: ஏற்பிகள் உலகை உள்ளபடியே மூளைக்கு அனுப்புகின்றன.

உண்மை: ஒளியோ ஒலியோ அழுத்தமோ, நரம்பில் போவது மின்துடிப்பு மட்டுமே. எந்த நரம்பின் வழியாக வந்தது என்பதை வைத்தே மூளை பொருள் கொள்கிறது. மூடிய இமையின் ஓரத்தை விரலால் மிக மெதுவாக அழுத்தினால், இருட்டில் ஒரு ஒளிவளையம் தெரியும். பட்டது விரல், பார்வை நரம்பில் வந்ததால் அது வெளிச்சமானது.

மிளகாய் செய்வதும் இதையேதான். சூட்டின் வழியே சேதி வந்தது. மூளை அதை நெருப்பு என்று படித்தது. "வாய் எரியுது" என்றவர் மிகைப்படுத்தவில்லை. தன் நரம்பு சொன்னதை அப்படியே சொன்னார்.