வாடகை அறையும் சூரிய மின்சாரமும்

கேள்வி: மதுரையில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியிலுள்ள ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வீதம் வீட்டுக்காரர் வசூலிக்கிறார். அந்தச் செலவைக் குறைக்க எண்ணி, அவரிடம் வாய்மொழியாகச் சம்மதம் பெற்று, மொட்டைமாடியில் இரும்புச் சட்டத்தில் 330 வாட் சோலார் பேனல் ஒன்றைப் பொருத்தினேன். இன்வெர்ட்டர் அறையின் மூலையிலும், 12 வோல்ட், 150 ஏ.எச். லெட் ஆசிட் பேட்டரி கட்டிலுக்கடியிலும் இருக்கின்றன. விளக்கு, மின்விசிறி, மடிக்கணினி எல்லாம் இதிலேயே ஓடுகின்றன. இப்போது அவர், "லைசென்ஸ் இல்லாமல் கரண்ட் தயாரிப்பது குற்றம், உடனே நிறுத்து. போல்ட் போட்டு முடுக்கிய பேனல் வீட்டோடு சேர்ந்தது, காலி செய்யும்போது எடுத்துப்போக முடியாது. மீறினால் அறைக்கு லைனைத் துண்டிப்பேன்" என்கிறார். பக்கத்து அறை மாணவர்கள் மாதம் ஒரு தொகை தருவதாகச் சொல்லி ஒயர் இழுத்துத் தரும்படி கேட்கிறார்கள். என் நிலை என்ன? அரசாங்க மானியம் கிடைக்குமா?

— ஒரு வாசகர், மதுரை

பதில்: தங்கள் வீட்டுக்காரர் எழுப்பியுள்ள ஆட்சேபங்களுள் முதலாவதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, எவரும் தமது சொந்த உபயோகத்துக்கான மின் உற்பத்திச் சாதனத்தை நிறுவி நடத்தலாம் என்று அனுமதிக்கிறது. அத்தகைய உற்பத்திக்கு லைசென்ஸ் வேண்டுமென்ற நிபந்தனை அச்சட்டத்தில் கிடையாது. ஆகவே, தாங்கள் உண்டாக்கித் தாங்களே செலவிடும் மின்சாரத்தைப் பொறுத்தமட்டில் தாங்கள் குற்றவாளி அல்லர்.

ஆனால் இந்தச் சுதந்திரம் மின்வாரியத்தின் கம்பியைத் தொடும் இடத்தில் நின்றுவிடுகிறது. தங்கள் இன்வெர்ட்டரிலிருந்து புறப்படும் மின்சாரம் வீட்டின் பழைய ஒயரிங்கிலேயே பாய்கிறதா, தனி ஒயரில் செல்கிறதா என்பதைத் தாங்கள் எழுதவில்லை. எழுதாத அந்த விஷயமே என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது. தெருவில் மின்தடை ஏற்பட்டு, லைனில் மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையோடு ஊழியர் ஒருவர் கம்பத்தில் ஏறிக் கை வைக்கும் வேளையில், ஒரு வீட்டு இன்வெர்ட்டரின் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து அந்தக் கம்பியை அடையுமானால், அவருடைய பிராணனுக்கே அபாயம் நேரும். வாரியத்தின் லைனோடு அனுமதியின்றி எந்தச் சாதனத்தையும் இணைப்பது அதே மின்சாரச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைவாசமோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாகும். எனவே தனி ஒயரிங், அல்லது இரண்டு மின்சாரங்களும் ஒருபோதும் சந்திக்காதபடி தடுக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச், இவ்விரண்டில் ஒன்றை லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டு அமைத்து, அவரிடம் ரசீதும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாடியைப் பற்றிய விவகாரம். தாங்கள் வாடகைக்குப் பெற்றது அறை மட்டுமேயென்றால், மொட்டைமாடியின்மீது தங்களுக்குக் குடியிருப்போர் என்ற பாத்தியதை இல்லை. வீட்டுக்காரர் வாய்மொழியாகக் கொடுத்தது, 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கூறும் வெறும் அனுமதியே. நிரந்தரமான கட்டுமானத்தைச் செலவு செய்து எழுப்பியிருந்தாலன்றி, அத்தகைய அனுமதியைக் கொடுத்தவர் திரும்பப் பெறலாம் என்று 60-ஆவது பிரிவு சொல்கிறது. கழற்றி எடுக்கக்கூடிய இரும்புச் சட்டத்தை நிரந்தரக் கட்டுமானம் என்று வாதிப்பது கடினம். அதே காரணத்தால், பேனல் வீட்டோடு சேர்ந்துவிட்டது என்ற அவர் வாதமும் நிலைக்காது. அனுமதி ரத்தானால், அங்கே வைக்க இசைவு பெற்ற பொருள்களை அகற்றிக்கொள்ள நியாயமான அவகாசம் தரவேண்டுமென 63-ஆவது பிரிவு தெளிவாக விதிக்கிறது. மாடியும் வாடகையில் அடக்கம் என்று தங்கள் ஒப்பந்தம் கூறுமானால், சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு தங்களுக்குத் துணை நிற்கும். அதன்படி, தாம் பொருத்தியவற்றைச் சொத்து தம் சுவாதீனத்தில் இருக்கும்போதே குடியிருப்பவர் அகற்றிக்கொள்ளலாம்; ஆயின் இடத்தைப் பெற்றபோது இருந்த நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும். அதாவது, போல்ட் துளைகளைச் சிமெண்டால் அடைத்து, மழைநீர் கசியாதபடி செய்து கொடுப்பது தங்கள் கடமை. சாவியைக் கொடுத்துவிட்டுப் பிறகு வந்து கேட்டால் உரிமை நழுவிவிடும்.

மின்சாரத்தைத் துண்டிக்கும் மிரட்டலுக்குத் தாங்கள் அஞ்ச வேண்டியதில்லை. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்துவதைத் தடை செய்கிறது. அவ்வாறு செய்தால் வாடகை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். ஆனால் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லையென்றால் முதலில் அந்தக் குறையைச் சரிசெய்யுங்கள்.

மாணவர்களுக்கு ஒயர் இழுத்துப் பணம் பெறாதீர்கள். தன் தேவைக்கு உற்பத்தி செய்வது வேறு, பிறருக்கு விற்பது வேறு. மின் விநியோகத்துக்கும் வணிகத்துக்கும் மின்சாரச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு லைசென்ஸை வற்புறுத்துகிறது. மானியமும் கிடைக்காது: 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் தருவது, வாரியத்தின் லைனோடு முறைப்படி இணைந்த கூரைச் சாதனங்களுக்கே, பேட்டரியை நம்பித் தனித்து நிற்கும் சாதனம் அதில் அடங்காது.

இறுதியாக, பேட்டரியைக் கட்டிலுக்கடியிலிருந்து இன்றே அப்புறப்படுத்துங்கள். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு, காற்றோட்டமற்ற சிற்றறையில் தேங்கினால் ஒரு தீப்பொறியே விபத்துக்குப் போதும். தமது சொந்தச் சொத்தை விவேகமுள்ள ஒருவர் எப்படிப் பேணுவாரோ அப்படியே வாடகை இடத்தையும் பேணவேண்டும் என்று மேற்சொன்ன 108-ஆவது பிரிவே எதிர்பார்ப்பதால், கவனக்குறைவால் தீப்பற்றினால் நஷ்டஈட்டுப் பொறுப்பும் தங்கள்மேல் விழக்கூடும். பழுதடைந்த பேட்டரியைக் குப்பையோடு சேர்க்காமல் தனியே பிரித்துச் சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின் கட்டளை. பேனலோ பேட்டரியோ குறையுடையதாக இருந்தால், இரண்டாண்டுக்குள், தாங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். ஆகையால் வாங்கிய பில்லையும் வாரண்டி அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்.

வழக்குக்குப் போவதற்கு முன், வீட்டுக்காரரோடு அமர்ந்து ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொள்ளும்படி தங்களை வேண்டுகிறேன். பேனல் தங்களுடையது, மாடியில் அது நிற்கும் இடம் இன்னது, அனுமதியை முடிக்க இத்தனை மாத அறிவிப்பு, காலி செய்யும்போது துளைகளை அடைப்பது தங்கள் பொறுப்பு என்ற நான்கு ஷரத்துகளும், இருவர் கையெழுத்தும், தேதியும் அதில் இருந்தால் போதும்.