வயிற்றுக்குள் ஊறும் 7 லிட்டர்

சகோதரிகளே, மாங்காயைப் பார்த்ததும் வாயில் எச்சில் ஊறுதே, அது எங்கிருந்து வருது? காதோரம், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என மூன்று ஜோடி சுரப்பிகள் ரத்தத்திலிருந்து தண்ணீரும் உப்பும் எடுத்து அதைச் செய்கின்றன. இரைப்பைச் சுவர் அமிலம் சுரக்கும். கல்லீரல் பித்தநீர் தரும். கணைய நீர் அமிலத்தை முறிக்கும். குடலும் தன் பங்குக்குச் சுரக்கும். எல்லாம் சேர்த்தால் நாளைக்குச் சுமார் 7 லிட்டர், கிட்டத்தட்ட அரைக்குடம்! இதில் பெரும்பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பிவிடும்.

பேதியில் இந்தக் கணக்குதான் தப்புது. காலரா கிருமி விடும் நச்சுதான் குடலில் நீரைக் கொட்ட வைக்கிறது என்று 1959-ல் கல்கத்தாவில் சம்பு நாத் டே கண்டறிந்தார்.

பாடி பக்கம் மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலந்தால் பிள்ளைக்கு வயித்தால போகும். "தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்" என்பார்கள் பெரியவர்கள். அது தப்பு. போவது குடித்த தண்ணீர் மட்டுமில்லை, ரத்தத்திலிருந்து ஊறிய நீரும்தான். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால் பேதியிலும் குடல் நீரை உறிஞ்சும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காத்தார்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையா? கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில், தலைதட்டி அளந்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கண் குழி விழுந்தாலோ, மூத்திரம் போகாவிட்டாலோ, ரத்தம் கலந்து போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.