முதலில் முள்ளைப் பார்

திருத்தணிப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நின்ற மரத்தைப் படமெடுத்து, 'சீமைக்கருவேலம்' என்று பெயரிட்டு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினேன். என் முதல் பதிவு அது. மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒருவர் அதன் கீழே எழுதியிருந்தார்: முள் கணுவில் இல்லையே, கணுக்களுக்கு நடுவில் அல்லவா இருக்கிறது, இது வன்னி ஆயிற்றே! திரும்பப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. விருத்தாசலம் கோயிலில் தலமரமாக வணங்கப்படும் மரத்தை, அகற்ற வேண்டிய களை என்று உலகமே பார்க்கும் வரைபடத்தில் குறித்து வைத்திருந்தேன்.

அயல் தாவரங்களைக் கண்காணிக்கக் கிளம்பும் தன்னார்வலர், முதல் மாதத்தில் ஐந்து செடிகளைக் கற்றால் போதும். ஆனால் அந்த ஐந்தோடு குழம்பக்கூடிய உள்ளூர்ச் செடிகளையும் சேர்த்துக் கற்க வேண்டும். சீமைக்கருவேலத்தின் முள் பெரும்பாலும் கணுவில் இரட்டையாக நிற்கும். வன்னியில் சிறு முட்கள் தண்டு நெடுக ஆங்காங்கே இருக்கும். நாட்டுக் கருவேலத்தைப் பூவிலேயே பிரித்துவிடலாம். அதன் பூ மஞ்சள் பந்து, காய் மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூவோ நீண்ட கதிர்.

இங்கே பெயர்களைக் கேட்டு வாங்குவதும் வேலையின் ஒரு பகுதி. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் திருத்தணி. இன்றும் ஒரே தெருவில் இரண்டு மொழி கேட்கும். தமிழில் வேலிகாத்தான் என்று சொல்லும் சீமைக்கருவேலத்தைத் தெலுங்கில் 'சர்க்கார் தும்ம' என்பார்கள். அரசாங்கத்துக் கருவேலம் என்று பொருள். அந்தப் பெயருக்குள் வரலாறு இருக்கிறது. விறகுக்காக 1877-ஐ ஒட்டி ஆங்கிலேய வனத்துறையினர் விதை தருவித்து ஊன்றிய இடங்களில் ஒன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடப்பா. பார்த்தீனியத்துக்கு அங்கே 'வய்யாரிபாமா' என்று பெயர். இரண்டு மொழிப் பெயரையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தால்தான், மாடு மேய்ப்பவரிடம் பேச்சுக் கொடுக்கும்போது இருவரும் ஒரே செடியைப் பற்றிப் பேசுகிறோமா என்பது தெளிவாகும்.

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய சான்று உண்டு. 1795-இல் சிவப்புச் சாயம் எடுப்பதற்காக பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி கொண்டுவந்தார்கள். சாயத்துக்குப் பேர்போன பூச்சி என்று நம்பிக் கொண்டுவந்தது, அதன் உறவான வேறொரு பூச்சி. அதிலிருந்து நல்ல சாயம் கிடைக்கவில்லை. ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை மட்டும் அது தின்று அழித்தது. பூச்சியை விட்டுக் களையை ஒடுக்கிய முதல் நிகழ்வாக உலக அளவில் இதைத்தான் சொல்கிறார்கள். பின்னர் தென்னிந்தியாவுக்கும் அது வந்தது. ஆனால் இங்கே பரவியிருந்த இன்னொரு வகைக் கள்ளியை அது தொடவில்லை. அந்தக் கள்ளிக்கு வேறொரு பூச்சி வேண்டியிருந்தது. அது 1926-இல் இலங்கையிலிருந்து வந்துசேர்ந்தது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கள்ளிகளுக்கு நடுவே இத்தனை ஆண்டுகள்!

அதனால்தான் ஒரே படத்தோடு நிறுத்தக் கூடாது. முழுச்செடி, இலையடுக்கு, பூ, காய், முள் அல்லது தண்டு என்று நாலைந்து படங்கள் வேண்டும். ஒன்றிலாவது விரலோ நாணயமோ அளவுக்குத் தெரியட்டும். 2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்டில், அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் ஒரு பதிவு ஆய்வுத்தரம் பெறும். மங்கலான ஒரு படத்தை வைத்து எந்த நிபுணரும் தலையாட்ட மாட்டார். வீட்டு வாசலில் நட்டு வளர்த்த உண்ணிச்செடியைப் படமெடுத்தால், 'வளர்க்கப்பட்டது' என்று மறக்காமல் குறிக்க வேண்டும். இல்லையென்றால் தோட்டத்துச் செடியும் காட்டில் பரவியதாகக் கணக்கில் ஏறிவிடும்.

இடக்குறிப்பில் பொறுமை தேவை. மலைச்சரிவிலும் மரத்தடியிலும் கைபேசி காட்டும் இடம் பிசகும். துல்லியம் இத்தனை மீட்டர் என்று காட்டும் எண் சிறிதாகும்வரை நின்று, அப்புறம் பதிய வேண்டும்.

நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம், இல்லாததையும் எழுதுவது. கண்ணில் பட்டதை மட்டும் பதிந்தால், செடி பரவியதா, நாம்தான் புதிய பாதையில் நடந்தோமா என்று பின்னால் எவராலும் சொல்ல முடியாது. நந்தியாற்றங்கரையில் அரைக் கிலோமீட்டரைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை அதே பாதையில், அதே இடங்களில் நின்று பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். 'பார்த்தீனியம் இல்லை' என்று எழுதிய பக்கத்துக்கும் மதிப்பு உண்டு. அடுத்த மாதம் அது முளைத்தால், எப்போது வந்தது என்பதைச் சொல்லப்போவது அந்தப் பக்கம்தான். பார்த்தீனியம் முளைத்து நான்கு வாரத்தில் பூத்துவிடும், ஒரு செடியே பல ஆயிரம் விதைகளை உதிர்க்கும். அதனால் மழைக்குப் பிந்திய நாட்களில் மாதம் ஒருமுறை நடந்தால் போதாது.

பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கவும் கூடாது. தோலில் தடிப்பு, அரிப்பு வரும்; மகரந்தம் மூச்சிரைப்பைத் தூண்டும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும், ஆஸ்துமா இருப்பவர்கள் ஒதுங்கி நிற்பதே நல்லது. இலைகளில் ஓட்டை தெரிந்தால் குனிந்து பாருங்கள். வெளிர்நிற முதுகில் பழுப்புக் கோடு நெளியும் வண்டு இருக்கலாம். மெக்சிகோவிலிருந்து தருவித்து, 1984-இல் பெங்களூருவில் இந்தச் செடிக்கென்றே விடப்பட்டது அது. அதையும் படமெடுத்துப் பதிவிடலாம்.

இப்படிச் சேரும் பதிவுகள் எங்கே போகும்? ஆய்வுத்தரம் பெற்றவற்றில் பெரும்பகுதி ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவகத்துக்குப் போகிறது. ஆய்வாளர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். நாட்டில் புலிகள் வாழும் நிலத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் உண்ணிச்செடி பரவிவிட்டது என்று 2020-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தமிழக அரசும் 2022-இல் அயல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. முதுமலையில் வெட்டிய மஞ்சள்கொன்றை என்ற அயல் மரம் காகிதக் கூழுக்காகத் தமிழ்நாடு காகித ஆலைக்குப் போகிறது. ஆனால் பேச்செல்லாம் புலிக் காடுகளைச் சுற்றியே இருக்கிறது. திருத்தணி போன்ற ஊர்களின் ஏரிக்கரை, ரயில்பாதை ஓரம், மலையடிவாரம் ஆகியவற்றை அங்கேயே வாழ்பவர்கள் பார்த்தால்தான் உண்டு. நீலோற்பலகிரி என்று குவளைப் பூவின் பெயர் தாங்கியது திருத்தணி மலை. இந்திரன் சுனையில் குவளை வளர்த்து முருகனைப் பூசித்தான் என்பது தலபுராணம். அந்த மலையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் இன்று ஆகாயத்தாமரை இருக்கிறதா, எதில் இன்னும் இல்லை என்பதை ஊர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம் போன மாதம் என் பாதையைக் காட்டினேன். "இங்க தேடாதீங்க சார், மாடு படுக்குற இடத்துல பாருங்க" என்று கரைக்கு அப்பால் கூட்டிப்போனார். காய்ந்த சாணத்துக்குள்ளிருந்து வேலிகாத்தான் நாற்றுகள் விரல் உயரத்துக்கு முளைத்திருந்தன. காயை மாடு தின்று, விதை செரிக்காமல் வெளிவந்திருக்கிறது. பதினொன்று எண்ணினோம். அந்த இடத்தை என் பாதையில் ஏழாவது நிறுத்தமாகச் சேர்த்திருக்கிறேன்.