கெட்டிக்காரி என்ற பட்டம்

சென்ற ஆண்டு தரம் 9 மாணவி ஒருத்தியின் முன்னேற்ற அறிக்கையில் “திறமையுண்டு, முயற்சி போதாது” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அத்தோடு என் கடமை முடிந்தது என்றும் நினைத்துக்கொண்டேன்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவளுடைய வாப்பா சில்லறைக் கடை வைத்திருக்கிறார். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி பதுளைக்குப் படிக்க வந்தவள். எல்லோரும் அவளைக் கெட்டிக்காரி என்றோம். கணிதம் கடினமாகத் தொடங்கியதும் ஒப்படைகள் வரவில்லை. கேள்வி கேட்பதும் நின்றது. விடைத்தாளில் கடைசிக் கணக்குகளைத் தொடாமலே விட்டாள்.

பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய உம்மா, “பின்னேரத்தில லயத்துப் புள்ளைகளுக்கு இவதான் கணக்குச் சொல்லிக் குடுக்கிறா டீச்சர்” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. சோம்பேறி அப்படிச் செய்வாளா?

அமெரிக்க உளவியலாளர்கள் குளோடியா முல்லரும் கரோல் ட்வெக்கும் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நம் புலமைப்பரிசில் வயதையொத்த பிள்ளைகளிடம் சில புதிர்களைக் கொடுத்து, சிலரிடம் “நீ புத்திசாலி” என்றும் வேறு சிலரிடம் “நன்றாக முயன்றிருக்கிறாய்” என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்கள் கொடுக்கப்பட்டன. எல்லோரும் தடுமாறினார்கள். அதன்பின் மீண்டும் இலகுவானவை வந்தபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் முதலில் செய்ததைவிடக் குறைவாகவே செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள். புத்திசாலி என்ற பெயரை வாங்கிய பிள்ளைக்கு ஒவ்வொரு பிழையும் அந்தப் பெயரைப் பறிக்க வருவதாகத் தோன்றுகிறது. முயலாமல் தோற்றால் பெயராவது மிஞ்சும்.

அதற்காக வெறுமனே “முயற்சி செய்” என்று சொல்லிக்கொண்டிருப்பதிலும் பயனில்லை. நான் எழுதியதும் அதைத்தானே! எப்படி முயல்வது என்று காட்ட வேண்டும். வாரத்துக்கு இரண்டு கடினமான கணக்குகள் கொடுத்தேன். அவற்றுக்குப் புள்ளி இல்லை. விடையை நான் கேட்கவில்லை, எந்த இடத்தில் சிக்கியது என்று மட்டும் கேட்டேன். நான் கரும்பலகையில் பிழைவிட்டுத் திருத்துவதையும் அவள் பார்க்கட்டும் என்று மறைக்காமல் செய்தேன். வீட்டிலும் “எத்தனை புள்ளி?” என்பதற்குப் பதிலாக “இன்றைக்கு எது கஷ்டமாக இருந்தது?” என்று கேட்கும்படி உம்மாவிடம் சொன்னேன். முதல் மாதம் வெறுந்தாள்தான் வந்தது.

சென்ற தவணையில் அவளுக்கு 54 புள்ளிகள். கடைசி இரண்டு கணக்குகளும் பிழை. ஆனால் இரண்டையும் செய்து பார்த்திருந்தாள், ஒரு முழுப் பக்கத்துக்கு.