பானபாத்திரக்காரன் மறந்தபோது
வேதபாடம்: ஆதியாகமம் 40, 41, அப்போஸ்தலர் 9:26, 27



"அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" வேலை தேடும் நம் பிள்ளைகள் அதிகமாய்க் கேட்கிற கேள்வி இது. தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் மெப்ஸ் வந்தது. காலை ஷிப்டுக்கு உள்ளே போகிற கூட்டத்தைப் பார்த்தபடி பயோடேட்டாவோடு கேட்டில் நிற்கிறவனுக்கு, உள்ளே ஒரு ஆள் இருந்தால் போதும் என்றுதான் தோன்றும். அப்படி ஆள் தேடுவது அவிசுவாசமா? சிலர் அப்படிப் பிரசங்கிக்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை.

யோசேப்பு சிறையிலே பானபாத்திரக்காரனிடம் வாய்திறந்து கேட்டான், பார்வோனிடம் என்னைக் குறித்துச் சொல்லும் என்று. கேட்டது குற்றமென்று எங்கும் எழுதியில்லை. அவனோ விடுதலையானதும் மறந்தே போனான். இரண்டு முழு வருஷம்! "அண்ணன் இப்பல்லாம் போனையே எடுக்கறதில்ல" என்று வருந்துகிறவர்களே, இது பழைய வியாதி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சொந்த சகோதரர் யோசேப்பை விற்றுப்போட்டார்கள். அரமனையிலே அவனைப் பற்றிச் சொன்னவன் சிறையிலே கொஞ்சகாலம் பழகின அந்நியன். அமெரிக்க சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதின கட்டுரையும் இதைத்தான் காட்டுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தார். அடிக்கடி சந்திக்கிற நபரால் வேலை பெற்றவர்கள் 100-க்கு 17 பேர்தான். மற்றவர்களுக்கு உதவினது எப்போதாவது பார்க்கிறவர், அல்லது பார்த்தே ரொம்ப நாளானவர். நம்மோடு நெருங்கியிருப்பவருக்கு நமக்குத் தெரிந்த செய்திதானே தெரியும்? 2022 ஜூலையில் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றுபோனது. இப்படி ஒரு ஆலை மூடும்போது கூட வேலை பார்த்தவர்கள் எல்லாருமே ஒரே நேரத்தில் வேலை தேடுகிறார்கள். யார் யாருக்குச் சொல்வது? ஆகையால் மாமா, சித்தப்பாவோடு நின்றுவிடாதீர்கள். பழைய வாத்தியார், ஐடிஐ-யில் கூடப் படித்தவன், முன்பு குடியிருந்த தெருக்காரர், எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். "எந்த வேலைன்னாலும் சரி"ன்னு மட்டும் சொல்லாதீங்க. கேட்டவர் அடுத்த ஆளிடம் என்னவென்று சொல்வார்? தெரிந்த வேலை இன்னது, இத்தனை வருஷ அனுபவம், நைட் ஷிப்டு முடியுமா என்பதைச் சொல்லுங்கள்.

இனி சிபாரிசு செய்கிறவர்களுக்கு. எருசலேமில் சவுலை எல்லாரும் சந்தேகித்தபோது பர்னபா அவனை அப்போஸ்தலரிடத்தில் அழைத்துப்போனான். என்ன சொன்னான்? சவுலுக்கு வழியிலே நடந்ததையும் தமஸ்குவில் அவன் செய்ததையும் சொன்னான். புகழ்ச்சியில்லை, பேரமில்லை. அறிந்ததைச் சொல்வது சாட்சி. தகுதியுள்ள ஒருவனைத் தள்ளி நம் ஆளை நுழைப்பதோ திருட்டு, அதற்கு ஸ்தோத்திரம் சொல்லி ஜெபித்தாலும்.

பணம் வாங்குகிற "சிபாரிசு" இன்னும் மோசம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான். மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளிலும் 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிறகு "உள்ளே ஆள் இருக்கு, ரெண்டு லட்சம் கொடுங்க" என்கிறவன் யாரிடத்தில் பேசப்போகிறான்? தாலியை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள் அம்மா. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் என்று தேர்வுக்கு இலவச வகுப்பு உண்டு. பிள்ளையை அங்கே அனுப்புங்கள். பதிவை 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறக்கவேண்டாம்.

நம் சபையிலும் ஒரு காரியம் உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தச் செய்தி முதலில் நம் சொந்தக்காரருக்குத்தான் போகிறது. பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற விதவைத் தாயின் மகளுக்கு அது வந்து சேரும்போது இடம் நிரம்பியிருக்கும். அவளுக்காக உபவாச ஜெபத்தில் கண்ணீரோடு ஜெபித்ததும் நாம்தான். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளிடம் போய், என்ன படித்திருக்கிறாள் என்றாவது கேளுங்கள்.