அடிகளுக்கு இடையே

நுழையும்முன்

காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்வோர் உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்களைக் கையாள்வர். இழை தவறினால் பிரித்துச் சரிசெய்யலாம். குழிப்பந்தாட்டத்தில் (கோல்ஃப்) அடித்த அடியைப் பிரிக்க இயலாது. அப்போது ஆடுபவரின் மனம் என்ன செய்யும்?

குழிப்பந்தாட்டத்தில் ஒரு சுற்றுக்குப் பதினெட்டுக் குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்வார். தேர்ந்தவர் ஏறத்தாழ 72 அடிகளில் முடிப்பார். அடிக்கு இரண்டு நொடி எனக் கொண்டாலும், மட்டை வீசும் நேரம் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. சுற்றோ நான்கு மணிநேரம் வரை நீளும். எஞ்சியதெல்லாம் நடையும் காத்திருப்பும் எண்ணமுமே. கபடியில் வருந்த நேரம் இல்லை. இங்கு வருந்துவதற்கென்றே நேரம் ஒதுக்கியதுபோல் இருக்கிறது! ஆதலால் தேர்ந்தவர்கள் ஒவ்வோர் அடிக்கு முன்பும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுகின்றனர். பந்தின் பின்னே நின்று இலக்கை நோக்குவர்; ஒருமுறை வெறுமனே வீசிப் பார்ப்பர்; மூச்சை நிதானமாக விட்டு அடிப்பர். செய்வதற்கு வேலை இருக்கும் மனம், போன அடியை எண்ணி அலைவதில்லை.

அமெரிக்காவின் பாபி ஜோன்ஸ் வழக்கறிஞர். பரிசுப்பணம் பெறாமல் ஆடியவர். 1921இல் செயிண்ட் ஆண்ட்ரூஸ் திடலில், மணற்குழியில் சிக்கிய பந்தை வெளியேற்ற இயலாமல், பத்தொன்பது வயதுச் சினத்தில் ஆட்டத்தையே கைவிட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்க ஓபன் போட்டியில் புல்லிடைக் கிடந்த அவர் பந்து சற்றே அசைந்தது. வேறு எவரும் காணவில்லை. அவரே கூறித் தமக்கு ஓர் அடி தண்டம் சேர்த்துக்கொண்டார். அந்த ஓர் அடியால் ஆட்டம் சமநிலையில் முடிந்து, கூடுதல் சுற்றுகளில் அவர் தோற்றார். 1930இல், ஒரே ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் நான்கு பட்டங்களையும் வென்று, 28 வயதில் போட்டிகளிலிருந்து விலகினார். சினத்தை வெல்ல அவருக்கு ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதை நாம் மறக்கலாகாது.

முன்னிலையும் ஒரு சுமையே. பெங்களூருவின் அதிதி அசோக், தாயே மட்டைப்பை சுமக்க, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓர் அடி வேறுபாட்டில் பதக்கத்தை இழந்து நான்காமிடம் பெற்றார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியிலோ, இறுதி நாளுக்கு முன் ஏழு அடிகள் முன்னிலையில் இருந்தார். மறுநாள் 77 அடிகள் ஆகிவிட்டன. தங்கம் தாய்லாந்துக்குச் சென்றது. செய்தித்தாள்கள் இழப்பையே பெரிதும் பேசின. ஆயினும் ஆசிய விளையாட்டுக் குழிப்பந்தாட்டத்தில் இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அவ்வெள்ளியே.